பாவித்த காரும் பார்த்த ஊர்களும்

நம் முன்னோர் மாடு வாங்கப் புறப்பட்டால் தனியே போவதில்லை. சுழி பார்க்கத் தெரிந்தவர் ஒருவரையும், பல்லைப் பிடித்து வயது சொல்லத் தெரிந்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வர். மாடு மேய்ந்த புலம் எது, குடித்த நீர் எது, கட்டி வளர்த்த கை யாருடையது என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுவர். இன்று மாடு நின்ற முற்றத்திலே கார் நிற்கின்றது. ஆயினும், பாவித்த கார் ஒன்றின் பெறுமதியை அறிய விரும்புவோர்க்கு அப்பழைய கேள்விகளே இன்றும் கைகொடுக்கின்றன என்பதை, யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வழியாகக் கொழும்பு வரை நாம் சென்ற ஒரு விடுமுறைப் பயணத்திலே கண்டோம்.

உடன் வந்த நண்பர் கணிதம் கற்பிப்பவர். அவருடைய தாயாருக்குச் சிறுநீரக நோய். வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பெரியாசுபத்திரிக்குச் சென்று வருதல் வேண்டும். சேமிப்போடு மனைவியாரின் காப்புச் சோடியும் சேர்ந்தே காருக்கான பணம் திரண்டது. இன்னும் ஐந்தாண்டில் மகள் பல்கலைக்கழகம் புகும் வயதை அடைவாள். அப்போது அக்காரை விற்றே செலவு பார்க்கவேண்டும். "இன்றைக்கு ஓடவும் வேண்டும், நாளைக்கு விலைபோகவும் வேண்டும்" என்பது நண்பரின் கணக்கு. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் கணக்கும் இதுவேயாதலால், வழியிற் கண்டவற்றையும் கேட்டவற்றையும் இங்கே எழுதுகின்றோம்.

யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்கள்

வெளியூரார் யாழ்ப்பாணம் வந்தால் வியந்து பார்ப்பனவற்றுள் பழைய ஆங்கிலக் கார்களும் ஒன்று. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1952இல் வந்த சோமர்செற், 1954இல் வந்த கேம்பிரிட்ஜ், இவற்றோடு மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் என்பன நெடுங்காலம் இங்கே வாடகைக் கார்களாக ஓடின. இன்றும் கலியாண வீடுகளின் வாசலில் பூமாலையுடன் நிற்கும் ஒன்றிரண்டைக் காணலாம். செய்த நாட்டிலே எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்ட கார்கள் இங்கே விலைபோனது எவ்வாறு?

முதற் காரணம் உதிரிப்பாகம். ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு கம்பனிகளும் 1952இல் ஒன்றாக இணைந்தன. அதன் பின்னர் கேம்பிரிட்ஜின் பெரும்பாலான வகைகளும் ஒக்ஸ்போர்ட்டும் 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒரே குடும்பத்து எந்திரத்தைப் பெற்றன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவியது. அயல்நாட்டிலோ, ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர் கார் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்டுவந்தது. உறுப்பு கிடைக்கும் காருக்கு ஆயுள் உண்டு; ஆயுள் உள்ள காருக்கே மறுவிற்பனைப் பெறுமதியும் உண்டு.

இரண்டாவது காரணம் கைவினை. கிடைக்காத உறுப்பைக் கடைந்தும், ஒட்டியும், வார்த்தும் செய்துகொள்ளும் கம்மியர் இங்கே இருந்தனர். 1990இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, அழுத்த விகிதம் குறைந்த இப்பழைய எந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். உயர்ந்த அழுத்தத்தில் வேலைசெய்யும் புதிய கார்களுக்கு அவ்வுணவு ஒவ்வாது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் காரின் மதிப்பை அழகும் வேகமும் தீர்மானிக்கவில்லை. கிடைக்கும் எண்ணெயில் ஓடுமா என்ற ஒரு கேள்வியே தீர்மானித்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோதோ, நெரிசலான அவ்வீதியிலே காரைவிடச் சைக்கிளே பெருஞ் செல்வமாயிற்று. பெறுமதி என்பது பொருளில் மட்டும் இல்லை, காலத்திலும் இடத்திலும் இருக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

திறந்து மூடும் வாயில்

பிற நாடுகளில் புதுக் கார் ஒன்று கடையை விட்டு வெளியேறிய கணமே அதன் விலை இறங்கத் தொடங்கும். ஆண்டுதோறும் ஒரு பகுதியை இழந்து செல்வதே காரின் இயல்பு. இலங்கையிலோ இவ்வியல்பு சில காலங்களில் தலைகீழாகிவிடும். நம் நாட்டுக்குள் வரும் கார்கள் பெரும்பாலும் கப்பலிலேயே வரவேண்டியவை. ஆதலின், துறைமுகத்தின் வாயில் மூடினால் உள்ளே நிற்கும் கார்களின் விலை ஏறும், திறந்தால் இறங்கும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி அருகியபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த கார்களைப் பேணுவதே வழியாயிற்று. அதே கதை 2020 மார்ச்சில் மீண்டும் தொடங்கியது. கொள்ளைநோய்க் காலத்தில் டொலரைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பாவித்த கார்கள், சொந்தக்காரர் வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குக் கைமாறின. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. அவ்வாண்டிலேயே எரிபொருள் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. பின்னர் பங்கீட்டு முறை வந்தபோது, குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடும் கார்களை எல்லோரும் தேடினர்.

தனியார் கார்களுக்கான வாயில் 2025 பெப்ரவரி 1ஆந் திகதி மறுபடி திறந்தது. ஆயினும், வரிகளும் ரூபாவின் தாழ்ந்த மதிப்பும் சேர்ந்து புதிதாய் வந்தவற்றின் விலையை மிக உயர்த்தியமையால், பழைய கார்களின் விலை பலர் எதிர்பார்த்தவாறு சரியவில்லை. எனவே, கார் வாங்குவோர் எந்திரத்தின் சத்தத்தைக் கேட்குமுன் வர்த்தமானியின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று நண்பர் சொன்னது வேடிக்கையன்று.

உப்பும் சுண்ணாம்பும்

புறப்படுமுன் கொக்குவிற் பக்கத்துக் கராச் ஒன்றில் முதிய கம்மியர் ஒருவரிடம் அறிவுரை கேட்டோம். விற்பனைக்கென அங்கே நின்ற வெள்ளைக் கார் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, அதன் அடிப்பாகத்தைக் காட்டினார். மேலே மினுக்கம், கீழே துரு செதிள் செதிளாகக் கழன்றது.

"தீவுப் பக்கம் ஓடின கார், மாஸ்ரர். உப்புக் காத்து. கடலுக்கு நடுவாலை போற றோட்டிலை தினமும் போய் வந்தா இரும்பு என்ன செய்யும்? மேலை பெயின்ற் அடிக்கலாம், அடியை ஆர் பாக்கினம்?"

அடுத்து அவர் காட்டியது நீர்த்தொட்டி. குடாநாட்டு நிலம் சுண்ணக்கல்லாலானது. கிணற்று நீர் வன்னீர். அந்நீரையே ஆண்டுக்கணக்காக ஊற்றினால், கேத்திலின் அடியிற் படிவது போன்ற வெண்படிவு குழாய்களை அடைக்கும். எந்திரம் சூடேறும், சூடேறிய எந்திரத்தின் மூடி வளையும். சிறு தொகைக்குக் கிடைக்கும் குளிர்விப்புத் திரவத்தை ஊற்றாது விட்டவருக்குப் பெருந் தொகை நட்டமாகும்.

கலப்பின மின்கார்களைப் பற்றியும் கேட்டோம். இவற்றின் உயிர்நிலை பற்றரி. வெப்பம் பற்றரியின் பகைவன். பின்னிருக்கைப் பக்கத்தில் அதைக் குளிர்விக்கும் காற்றாடி ஒன்றுண்டு. அதன் வடி புழுதியால் அடைபட்டால் பற்றரி விரைவில் நலியும். முழுதும் மின்சாரத்தில் ஓடும் நிசான் லீவ் போன்றவற்றின் முகப்பிலே பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் இருக்கின்றன. அவற்றுள் எத்தனை அணைந்துள்ளன என்பதைக் கொண்டே அதன் விலை பேசப்படுகின்றது. பற்றரி மாற்றும் செலவைக் கழித்துப் பார்க்காமல் இவ்வகைக் காருக்கு விலை சொல்லக்கூடாது என்று கம்மியர் வற்புறுத்தினார்.

விடைபெறும்போது அவர் சொன்ன வாக்கியம் பயணம் முழுதும் எம்முடன் வந்தது: "மாஸ்ரர், காரைப் பாக்கிறதுக்கு முதல், அதை வைச்சிருந்த ஆளைப் பாருங்கோ."

ஏ 9 வீதியிலே

யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு இணைக்கும் ஏ 9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. போர்க்காலத்திற் பன்முறை மூடுண்டு, 2002இற் சமாதான உடன்படிக்கையின் பின் திறந்து, 2006 ஆகஸ்ரில் மறுபடி மூடி, 2009இன் பின் மீண்டும் உயிர்பெற்ற வீதி இது. வாடகை வாகனமொன்றில் விடியற்காலையிற் புறப்பட்டோம். ஆனையிறவின் இருமருங்கும் நீர்ப்பரப்பு வெள்ளித் தகடுபோல விரிந்தது. உப்பளத்தின் காற்று முகத்தில் அறைந்தபோது கம்மியர் காட்டிய துரு நினைவுக்கு வந்தது.

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காது போகும் சாரதி அரிது. தேங்காய் உடைத்து, திருநீறணிந்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவது வழக்கம். கார் பார்க்கப் பழகுவோர்க்கும் இது நல்ல பள்ளிக்கூடம். ஓடிக் களைத்த கார்கள் நின்று, கால் மணி நேரத்தில் மறுபடி இயக்கப்படுகின்றன. சில ஒரே முயற்சியிற் கிளம்பின, சில இருமின, ஒன்று நீலப் புகை கக்கியது. நீலப் புகை எந்திரத்துள் எண்ணெய் எரிவதன் அடையாளம். சூடேறிய பின்னும் விடாது வரும் வெண்புகை குளிர்விக்கும் நீர் உட்புகுவதன் அடையாளமாகலாம். கரும்புகை எரிபொருள் மிகுதியாய்ச் செல்வதைக் காட்டும். நண்பர் இவற்றைச் சிறு கொப்பியிற் குறித்துக்கொண்டார்.

வவுனியாவும் தம்புள்ளையும் கடந்து, மாத்தளை முத்துமாரியம்மன் கோவிற் கோபுரத்தைத் தரிசித்துக் கண்டியை அடைந்தோம். மறுநாள் இறம்பொடை வழியாக மலையேறினோம்.

மலைநாட்டுக் கார்

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே வெயில் குறைவு. அங்கே வளர்ந்த காரின் இருக்கைத் துணியும் முகப்பும் வெடிப்பின்றி இருக்கும். வர்ணமும் மங்குவதில்லை. நாம் பார்க்கச் சென்ற சிறு காரும் அவ்வாறே கண்ணைக் கவர்ந்தது. ஓடிய தூரமோ மிகக் குறைவு.

ஆனால், மலைநாட்டில் ஒரு மைல் சமவெளியின் ஒரு மைலுக்கு ஒப்பாகாது. ஏற்றத்திலே கிளச்சுத் தட்டுத் தேயும். இறக்கத்திலே பிறேக்குத் தேயும். வளைவுகளிலே திருப்பு உறுப்புகளும் ரயரின் ஓரங்களும் தேயும். உடன் வந்த சாரதி ஏற்றமொன்றில் அக்காரை நிறுத்தி மறுபடி எடுத்துப் பார்த்தார். எந்திரம் கதறியது, கார் மெல்லவே நகர்ந்தது, கருகிய மணம் வீசியது. கிளச்சின் கதை முடிந்திருந்தது. சொந்தக்காரர் அதை மறைக்கவில்லை. "உண்மைதாங்கய்யா, மாத்தத்தான் வேணும். அந்தக் காசக் கழிச்சிட்டுக் குடுங்க" என்றார். நேர்மையான மனிதர். எனினும், திருத்தும் செலவோடு சேர்த்துப் பார்த்தபோது நண்பரின் பணம் போதவில்லை. தேநீர் பருகி, நன்றி சொல்லிப் பிரிந்தோம்.

தலைநகரிலே

ஹற்றன், அவிசாவளை வழியாக இறங்கிக் கொழும்பு சேர்ந்தோம். தலைநகரிற் கார்கள் மிகுதி. ஆதலாற் பேரம் பேச இடமுண்டு. எனினும் அங்கும் ஊரின் அடையாளம் காரில் ஒட்டியே இருக்கின்றது. நெரிசலிலே மணிக்கணக்காக நிற்கும் காரின் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், தூரமானியோ அசையாது. குறைந்த தூரம் ஓடிய கார் என்பது குறைவாக உழைத்த கார் என்று பொருள்படாது. மேலும், தூரமானியைத் திருப்பிவைக்கும் வித்தையும் உலகெங்கும் உண்டு. தேய்ந்து வழுவழுத்த மிதியும், பளபளத்துப்போன திருப்புச் சில்லும், குழிந்த சாரதி இருக்கையும் தூரமானியைவிட உண்மை பேசும்.

மற்றொன்று வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை உலுக்கியபோதும் வாகனங்கள் பல நீரில் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி உலர்த்தி விற்பாரும் உளர். நாம் பார்த்த கார்களுள் ஒன்றின் விலை சந்தை விலையிலும் சற்றுத் தாழ்ந்திருந்தது. தரைவிரிப்பைத் தூக்கியபோது ஈர மணமும், இருக்கையை இறுக்கும் ஆணிகளிலே துருவும், பட்டியின் அடிமடிப்பிலே மெல்லிய சேறும் காணப்பட்டன. மின்னிணைப்புகளுட் புகுந்த நீர் இன்று இல்லாவிடினும் நாளை நோயாக வெளிப்படும். நண்பர் மறுபேச்சின்றித் திரும்பினார்.

பஞ்சிகாவத்தைக்கும் சென்றோம். வீதி நெடுகிலும் உதிரிப்பாகக் கடைகள். கதவுகள், கண்ணாடிகள், விளக்குகள், எந்திரங்கள் எனக் கார் முழுதையும் கூறுகூறாக அங்கே காணலாம். கார் வாங்குமுன் இங்கு வந்து அதன் விளக்கொன்றுக்கும் கதவொன்றுக்கும் விலை கேட்பது நல்லது. கேட்டவுடன் எடுத்துத் தரும் உறுப்புள்ள கார் எந்நாளும் விலைபோகும். "அந்த மொடல் சாமான் ஓடர் பண்ணித்தான் எடுக்கணும், சேர்" என்று கடைக்காரர் சொன்னால், அக்காரின் மறுவிற்பனைப் பெறுமதியை அவ்வொரு வாக்கியமே குறைத்துவிட்டது என்று கொள்க. ஜப்பானியக் கார்கள் இங்கே விரைவில் விற்பனையாவதன் இரகசியமும் இதுவே. ஜப்பானும் நம்மைப்போல வீதியின் இடப்பக்கம் ஓட்டும் நாடு. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதன் செலவுக்கு அஞ்சிப் பலர் நல்ல நிலையிலுள்ள காரையும் விற்றுவிடுவர். அவ்வாறு ஏலத்துக்கு வரும் கார்களோடு தரப்புள்ளி எழுதிய தாளும் வருகின்றது. விபத்தின்பின் திருத்தியதை அதில் ஆங்கில 'ஆர்' எழுத்தாற் குறிப்பர். அத்தாள் கையில் இருந்தால், விற்கும் நாளிலும் நல்ல விலைக்குச் சாட்சியாகும்.

ஏட்டின் மதிப்பு

இலங்கையிற் காரின் இலக்கத் தகடே அதன் சாதகக் குறிப்பு. முற்காலத்தில் சிலோன் என்னும் ஆங்கிலப் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாக வந்தன. பின்னர் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதனை எதிர்த்து 1957, 1958ஆம் ஆண்டுகளில் நம் மக்கள் நடத்திய கிளர்ச்சியை மாணவர்கள் வரலாற்றிற் படித்திருப்பர். இப்போது ஆங்கில எழுத்துகள் வரிசைப்படி முன்னேறுகின்றன. ஆதலின் தரகர், காரைப் பார்க்குமுன் எழுத்தைக் கேட்டே வயதைச் சொல்லிவிடுவார். ஆனால், பதிவாண்டு வேறு, செய்யப்பட்ட ஆண்டு வேறு என்பதை மறக்கலாகாது.

பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்திற் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை பணம் கொடுத்தல் தகாது. பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களுடன் கைக்குக் கை சென்ற காரை விலக்குதல் நன்று. அடிச்சட்ட இலக்கமும் எந்திர இலக்கமும் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். வர்ணத்தின் கீழே பூச்சுக் களிம்பு இருக்கின்றதா என்பதைச் சிறு காந்தத் துண்டு ஒட்டாமல் நழுவிக் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் நாள் வெள்ளவத்தையிலே, இளைப்பாறிய வங்கி உத்தியோகத்தர் ஒருவர் பதினைந்து வயதான ரொயோற்றா கொறோலா ஒன்றைக் காட்டினார். பெற்றோல் எந்திரம், இடப்பக்கக் கதவிற் சிறு கீறல், கவர்ச்சி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெய் மாற்றிய நாள், ரயர் வாங்கிய கடை, பற்றரியின் இலக்கம், அக்கீறல் விழுந்த திகதி வரை நீல மையில் அழகாக எழுதப்பட்டிருந்தது. பற்றுச்சீட்டுகள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டிருந்தன. கேட்ட விலை சந்தை விலையிலும் சற்றுக் கூடுதல். நண்பர் நெடுநேரம் அக்கொப்பியைப் புரட்டினார். பின்பு, கம்மியர் ஒருவரை அழைத்துக் காட்டி, கூடிய விலையையே கொடுக்க இசைந்தார்.

"காப்புச் சோடிக்கு ஈடாக ஒரு பழங் காரையா வாங்கினீர்?" என்று ஊரிற் கேட்டவர் சிலர். நண்பர் அவர்களிடம் அக்கொப்பியைக் காட்டுகின்றார். அதில் அடுத்த பக்கத்தை இப்போது அவரே எழுதி வருகின்றார். எண்ணெய் மாற்றிய குறிப்புகளுக்கிடையே தாயாரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்ற நாட்களும் இடம்பெறுகின்றன.

அரசின் கட்டளை, டொலரின் விலை, ஊரின் உப்பும் வெயிலும் நம் கையில் இல்லாதவை. எண்ணெயை வேளைக்கு மாற்றுதலும், நடந்ததை எழுதிவைத்தலும், குறையை மறையாது சொல்லுதலும் நம் கையில் உள்ளவை. காரை விற்கும் நாளில் விலை பேசத் தொடங்குவோர் பலர். அவ்விலையிற் பெரும்பங்கு, வாங்கிய நாளிலிருந்தே வீட்டு முற்றத்தில் உருவாகிவருகின்றது. வீட்டிற் கார் உள்ள மாணவர், தந்தையாரிடம் ஒரு கொப்பி வாங்கித் தரும்படி கேட்டு, அக்கணக்கை எழுதும் பொறுப்பைத் தாமே ஏற்பாராக.